பிரேக் காற்று வாங்கிய கதை

நான்காவது சுற்றில் என் கால் தரையைத் தொட்டது.

தரை என்றால் காரின் தரை. காலுக்கும் தரைக்கும் நடுவில் பிரேக் பெடல் இருந்தது. இருந்தும் தொட்டது. புளித்துப் பொங்கிய மாவில் கால் வைத்த மாதிரி பெடல் பொசுக்கென்று உள்ளே போய்விட்டது. எதிரே கொண்டை ஊசி வளைவு. பாதை வளைந்தது. நாங்கள் வளையவில்லை. நேராகப் போய் மணலில் ஏறி, மரியாதையாக நின்றோம்.

பக்கத்து இருக்கையில் என் மனைவி. தலைக்கவசத்தை மெதுவாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இறங்கலாமா? இல்ல, இன்னும் கொஞ்ச தூரம் போகணுமா?" என்று கேட்டாள்.

இப்படி ஒரு விளையாட்டு இருப்பது பலருக்குத் தெரியாது. ஊருக்கு வெளியே ஒரு பந்தயத் தடம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எங்களைப் போன்ற சாதாரண ஆட்களுக்குத் திறந்துவிடுவார்கள். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. அவரவர் வண்டியைக் கொண்டுபோய் ஏழு சுற்று, ஆசை தீர ஓட்டிவிட்டு வரலாம். ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் என் பேரன் வயது. எனக்கு வெட்கம் கிடையாது. முப்பத்திரண்டு வருஷம் பேக்கரி அடுப்புக்கு முன்னால் ஒரே இடத்தில் நின்றவன் நான். கொஞ்சம் ஓடிப் பார்க்கட்டுமே என்று கால் கெஞ்சியது. சம்மதித்தேன்.

என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் டீச்சராக இருந்தவள். முப்பது வருஷம். இந்த ஊரில் ஸ்டியரிங் பிடித்திருக்கிறவர்களில் நாலில் ஒருத்தர் அவளிடம் திட்டு வாங்கியவர். அவள் ஓய்வு பெற்ற அன்று, அவள் பாடம் நடத்திய காரையே பள்ளிக்காரர்கள் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். ஆக, அந்தக் கார் அவளுடையது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் மறைத்தேன் என்பீர்கள்.

டீச்சருக்கென்று அந்தக் காரில் பக்கத்து இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் பெடல் இருந்தது. அதைக் கழற்றி எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. பெடல் போனது, கால் பழக்கம் போகவில்லை. நான் ஓட்டும்போதெல்லாம் அவள் மிதித்து மிதித்து அந்தப் பக்கத்து மிதியடியில் ஓட்டை விழுந்துவிட்டது.

அவள் கார் அவளுக்கு இல்லாமல் எனக்கு எப்படி வந்தது? அது ரொம்ப எளிது. தடத்துக்கு முதல்முறை போனபோது, "நான் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாக்கறேன்" என்று உட்கார்ந்தேன். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

மணலிலிருந்து எங்களை இழுத்து வெளியே போட்டார்கள். முன்சக்கரம் இரண்டிலும் புகை. தடத்தில் கொடி காட்டுகிற ஆள் வந்தார். அவரும் என் மனைவியிடம் ஓட்டப் படித்தவர்தான். எனக்கு ஒரு பார்வை, அவளுக்கு ஒரு வணக்கம்.

"டீச்சரம்மா, அடி ஒண்ணும் படலையே?"

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. மணலுக்குத்தான் பட்டிருக்கும்."

"ஐயா, பிரேக்கைச் சரி பண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் பக்கத்துல யாரையும் உக்கார வைக்கக்கூடாது. நீங்க மட்டும் மெதுவா ஓட்டிக்கலாம்."

வீட்டுக்கு வந்தோம். சமையலறை மேசையில் தேநீர். எதிர்வீட்டு ஏசி மெக்கானிக்கும் வந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் தண்ணீர் கொதித்தால் அவர் வீட்டு நாற்காலி தானாக நகரும்.

நான் நடந்ததை விளக்கினேன். பிரேக் பிடிக்கப் பிடிக்க, சக்கரத்துக்குள்ளே இருக்கிற இரும்புத் தட்டு பழுக்கிறது. அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறுகிறது. ஆயில் கொதிக்கிறது. கொதித்தால் குமிழி. குமிழியை மிதித்தால் என்ன கிடைக்கும்? மணல்தான் கிடைக்கும்.

"அதான் ஆறுதல் இல்லாம தவிக்குது வண்டி. நாலு பக்கமும் மூடின அடுப்பு மாதிரி. கொஞ்சம் காத்து விட்டா சரியாப் போயிடும்" என்றேன்.

மனைவி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சரி. அடுத்த மாசம் நான் ஓட்டறேன்."

தேநீர் எனக்குப் புரையேறியது.

"என்னது?"

"என்னங்க, காது நல்லாத்தானே இருக்கு? நான் ஓட்டறேன்னேன். முப்பது வருஷமா ஓரத்து சீட்டுலயே உக்காந்து, 'பிரேக் பிடி, கியரைக் குறை'ன்னு ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. எனக்குன்னு ஒரு தடவை அழுத்திப் பாக்க வேண்டாமா?"

நியாயமான பேச்சு. அதுதான் எனக்குப் பயம். என் மனைவி நியாயமாகப் பேசினால் நான் தோற்றேன் என்று பொருள். உங்களிடம் சொல்வதற்கென்ன, அவள் ஓட்டினால் என்னைவிட நன்றாக ஓட்டுவாள். அது ஒரு பக்கம். இன்னொன்று, அவள் அந்த இருக்கையில் உட்கார்ந்தால் என்னை மாதிரியே எழுந்திருக்க மாட்டாள். மாதத்துக்கு ஏழு சுற்று. தலைக்கவசத்துக்குள் என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிற இருபது நிமிஷம். 'இதை எங்க வெச்சீங்க, அதை ஏன் எடுத்தீங்க' என்று யாரும் கேட்காத இருபது நிமிஷம். அதை விட எனக்கு மனசு வரவில்லை.

குரலைக் குழைத்துக்கொண்டேன்.

"ஏம்மா, நான் வேண்டாம்னா சொல்றேன்? பிரேக் இந்த லட்சணத்துல இருக்கு. உனக்கு ஒண்ணுன்னா நான் என்ன ஆவேன்? முதல்ல சரியாகட்டும். சரியான அன்னைக்கு ஏழு சுத்தும் உனக்குத்தான்."

"சரியாயிடுச்சுன்னு யார் சொல்லணும்?"

நான் சொல்வேன் என்று வாயைத் திறப்பதற்குள் ஏசி மெக்கானிக் குதித்தார்.

"அண்ணி, அதுக்கெல்லாம் கருவி இருக்கே! அண்ணன் பேக்கரியில இருந்து கொண்டு வந்தாரே, அடுப்புச் சூடு பாக்கற துப்பாக்கி. தூரத்துல இருந்து நீட்டினா நம்பர் காட்டும். வண்டி வந்து நின்னதும் தட்டைப் பாத்து ஒரு அமுக்கு. இருநூத்தைம்பதுக்குக் கீழ இருந்தா சரியாயிடுச்சு. மேல இருந்தா ஆகலை. அவ்வளவுதான்."

"நல்ல யோசனை தம்பி. இன்னொரு டீ குடிங்க" என்றாள் அவள்.

எனக்கு இன்னொரு டீ வரவில்லை.

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். பழைய ஆயிலை வடித்துவிட்டு, லேசில் கொதிக்காத ஆயிலை ஊற்றினேன். பிறகு காற்று. பம்பரில் பனிவிளக்கு இருக்கிற இரண்டு பொந்தையும் காலி பண்ணினேன். சூடு தாங்குகிற ரப்பர் குழாய், கைமுட்டி நுழைகிற அகலம், உள்ளே கம்பிச்சுருள். ஒரு முனை பம்பர் பொந்தில், மறுமுனை சக்கரத்துத் தட்டுக்குப் பக்கத்தில். பொந்துக்கு வாய் வேண்டுமே? பழைய ரொட்டி அச்சு இரண்டை வெட்டி, விரித்து, புனல் மாதிரி அடித்துப் பொருத்தினேன். முன்னால் நின்று பார்த்தால் வண்டி வாயைத் திறந்து ரொட்டி கேட்கிற மாதிரி இருந்தது.

முதலில் ஒரு தப்புப் பண்ணினேன். காற்றைத் தட்டின் முகத்தைப் பார்த்து அடித்துவிட்டேன். பேக்கரிக்காரன் புத்தி. சூடான தட்டின் மேல் ஊதித்தானே பழக்கம். மேட்டுச் சாலையில் நாலு முறை ஏறி இறங்கி, பிரேக்கை விடாமல் மிதித்துப் பார்த்தேன். ஸ்டியரிங் கடகடவென்று உதறியது. தட்டு ஒரு பக்கம் பழுத்து, ஒரு பக்கம் ஆறி, கோணிக்கொண்டுவிட்டது.

ஏசி மெக்கானிக் வண்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார்.

"அண்ணே, என்ன காரியம் பண்ணியிருக்கீங்க! ரூமுக்கு ஏசி வெக்கச் சொன்னா ஜன்னலுக்கு வெளிய வெச்ச மாதிரி இருக்கு."

"எங்க வெக்கணும்?"

"தட்டுக்கு நடுவுல. இங்க பாருங்க, தட்டே ரெண்டு பலகையாத்தான் இருக்கு, நடுவுல இடுக்கு இடுக்கா இருக்கா? நடுவுல காத்தை விட்டா, சக்கரம் சுத்தறப்போ அதுவே விசிறி மாதிரி இழுத்து வெளிய தள்ளிடும். ரெண்டு பக்கமும் ஒண்ணா ஆறும். இந்தத் தகரத் தடுப்பைக் கொஞ்சம் வெட்டுங்க. குழாய் டயர்ல உரசாம கட்டுங்க."

புதுத் தட்டு மாட்டினேன். அவர் சொன்னபடியே காற்றை நடுவில் விட்டேன். மறுபடி மேட்டுச் சாலை. மறுபடி நாலு முறை. இறங்கி, துப்பாக்கியை நீட்டி அமுக்கினேன்.

நூற்று எண்பது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அமுக்கினேன். நூற்று எழுபத்தெட்டு. பார்க்கப் பார்க்க ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். சாலையில் போன நாய் நின்று பார்த்தது.

பிறகுதான் உறைத்தது. நூற்று எண்பது என்றால் இருநூற்றைம்பதுக்குக் கீழே. கீழே என்றால் சரியாகிவிட்டது. சரியாகிவிட்டது என்றால் ஏழு சுற்றும் அவளுக்கு.

உலகத்திலேயே, தான் செய்த வேலை பலித்துவிட்டதே என்று சாலையோரம் தலையில் கை வைத்து உட்கார்ந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

உட்கார்ந்த இடத்தில் யோசனை வந்தது. எல்லாம் அடுப்படி யோசனைதான். பேக்கரி அடுப்பில் புகைபோக்கிக்குள் ஒரு தகடு இருக்கும். வெளியே இருக்கிற கம்பியை இழுத்தால் தகடு மூடும். சூடு உள்ளேயே நிற்கும். கம்பியைத் தள்ளினால் திறக்கும், சூடு போய்விடும். முப்பத்திரண்டு வருஷம் அந்தக் கம்பியை இழுத்துத் தள்ளிப் பிழைத்தவன் நான். ரொட்டி வேகவும் தெரியும், வேகாமல் பார்த்துக்கொள்ளவும் தெரியும்.

அன்றைக்கே இரண்டு தகடு வெட்டினேன். குழாய் ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் ஒன்று. பழைய ஸ்கூட்டரின் சோக் ஒயர் இரண்டை வாங்கி, தகட்டிலிருந்து உள்ளே இழுத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரே குமிழில் முடிந்தேன். குமிழைத் தள்ளினால் காற்று. இழுத்தால் காற்று கிடையாது.

திட்டம் இதுதான். அஞ்சு சுற்று திறந்து வைத்து ராஜா மாதிரி ஓட்ட வேண்டியது. கடைசி இரண்டு சுற்று மூடிவிட்டு, பிரேக்கைப் பாதி மிதித்தபடியே தேய்த்துக்கொண்டு வர வேண்டியது. மற்ற எல்லாரும் கடைசிச் சுற்றில் பிரேக்கையே தொடாமல் மெதுவாக வந்து வண்டியை ஆறவிடுவார்கள். நான் அதைச் சுடவைத்து எடுத்துவருவேன். பேக்கரி வழக்கம். பரிமாறுகிற நேரத்தில் சூடாக இருக்க வேண்டும்.

முதல் மாதம் அப்படியே நடந்தது. அஞ்சு சுற்று, ஆஹா. பெடல் கல்லு மாதிரி நின்றது. கொண்டை ஊசி வளைவைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி பதமாகத் தூக்கித் திருப்பினேன். மணலைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனேன். ஆறாவது சுற்றில் குமிழை இழுத்தேன். ஏழாவது முடிந்து வந்து நின்றபோது, வண்டிக்கு முன்னால் நல்ல புகை. இறங்கி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

மனைவி பார்வையாளர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். துப்பாக்கியை நீட்டினாள்.

"நானூத்திப் பத்து" என்று படித்தாள்.

"ச்சே! இவ்வளவு பாடுபட்டும் இப்படி ஆயிடுச்சே!" என்றேன். எனக்கே அழுகை வருகிற மாதிரி சொன்னேன்.

"பரவாயில்லைங்க. அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எண்ணைக் குறித்துக்கொண்டாள்.

தட்டிக்கொடுத்த இடம் கொஞ்சம் உறுத்தியது. பரவாயில்லை, தோள்தானே.

இரண்டாம் மாதமும் அதேதான். நானூற்று இருபத்தைந்து. இந்த முறை நான் தட்டை நோக்கிக் கையை நீட்டிவிட்டு, "ஆ!" என்று உதறிக்கொண்டு ஊதியும் காட்டினேன். ஏசி மெக்கானிக்குக்குத்தான் குழப்பம்.

"அண்ணே, கணக்கு உதைக்குதே! நடுவுலதானே விட்டோம்? காத்து எங்கதான் போகுது?"

"காத்துக்கு நாம சொல்லவா முடியும் தம்பி? அது இஷ்டத்துக்குத்தான் போகும்."

மனைவி நோட்டை எடுத்தாள். எண்ணைக் குறித்தாள். நோட்டை மூடினாள்.

அந்த வாரம் அவள் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"என்னங்க, ஸ்டியரிங் கீழ ஒரு குமிழ் இருக்கே, அது எதுக்கு?"

வாளி என் காலில் விழுந்தது.

"அதுவா? அது வந்து, மழைக்கு. மழையில குழாய்க்குள்ள சேறு போயிடுமில்ல, அதுக்கு மூடி."

"ம்."

என் மனைவியின் 'ம்'முக்குப் பல அர்த்தம் உண்டு. புரிந்தது என்று ஒன்று. புரியவில்லை என்று ஒன்று. புரிந்துவிட்டது, நீ பேசிக்கொண்டே இரு என்று ஒன்று. அன்றைக்கு வந்தது எந்த 'ம்' என்று நான் கவனிக்கவில்லை. கால் வலியில் இருந்தேன்.

மூன்றாம் மாதம். தடத்தில் வண்டியை வரிசையில் நிறுத்தினேன். தலைக்கவசம் மாட்டினேன். பக்கத்துக் கதவு திறந்தது. அவள் ஏறி உட்கார்ந்தாள். அவளும் தலைக்கவசம் மாட்டியிருந்தாள்.

"நீ எங்க? பிரேக் சரியாகிற வரைக்கும் பக்கத்துல ஆள் கூடாதுன்னு..."

"கொடிக்காரர்கிட்ட கேட்டுட்டேன். டீச்சரம்மா உக்காரலாம்னுட்டார். நீங்க எவ்வளவு கஷ்டப்படறீங்கன்னு நானும் பக்கத்துல இருந்து பாக்க வேண்டாமா?"

எனக்குக் கொஞ்சம் வியர்த்தது. அவள் பக்கத்தில் இருந்தால் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டு வர முடியாது. முப்பது வருஷமாக அடுத்தவன் கால் என்ன செய்கிறது என்று பார்க்காமலே சொல்லிப் பழகியவள். சரி, தேய்க்க வேண்டாம். கடைசியில் ஆறவிடாமல் வேகமாகவே ஓட்டிவிட்டு, தகட்டை மூடினாலே போதும், முன்னூறாவது காட்டும் என்று கணக்குப் போட்டேன்.

அஞ்சு சுற்று. அவள் நேரே பாதையைப் பார்த்தபடி வந்தாள். ஆறாவது சுற்று. நீண்ட நேர்பாதை. இருமினேன். இருமிக்கொண்டே குனிந்து குமிழை இழுத்தேன். நான் தயாரித்த இருமல்களில் அதுதான் சிறந்தது.

"தண்ணி குடிக்கறீங்களா?"

"வேண்டாம் வேண்டாம்."

ஏழாவது சுற்றிலும் வேகத்தைக் குறைக்காமல் ஓட்டி முடித்தேன். வண்டி நிற்பதற்கு முன்பே நாடகத்தை ஆரம்பித்துவிட்டேன். பெடலைப் படபடவென்று மிதித்தேன். "போச்சு! பஞ்சு மாதிரி ஆயிடுச்சு! மறுபடியும் கொதிச்சிடுச்சு!" கதவைத் திறந்து குதித்தேன். "தள்ளிப் போங்க, யாரும் கிட்ட வராதீங்க! நெருப்பா இருக்கும்!" ஏசி மெக்கானிக் ஓடி வந்தார். கொடிக்காரர் தீயணைக்கிற உருளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அக்கம்பக்கத்து ஓட்டுநர்கள் நாலைந்து பேர் வந்தார்கள்.

எல்லாரும் சக்கரத்தைப் பார்த்தார்கள். புகை இல்லை. சக்கரம் எங்களைப் பார்த்தது.

மனைவி நிதானமாக இறங்கினாள். துப்பாக்கியை நீட்டினாள். அமுக்கினாள். படிக்கவில்லை. கொடிக்காரரிடம் கொடுத்தாள். அவர் படித்தார்.

"நூத்தித் தொண்ணூறு."

"அந்தக் கருவி கெட்டுப்போயிருக்கும்" என்றேன்.

"அந்தப் பக்கமும் பாருங்கப்பா" என்றாள்.

"நூத்தி எண்பத்தெட்டு டீச்சரம்மா."

"ரெண்டு பக்கமும் கெட்டுப்போயிருக்கு" என்றேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

அவள் கைப்பையைத் திறந்தாள். செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தாள். உள்ளே இரண்டு வட்டத் தகடு. எண்ணெய் துடைத்து, பளபளவென்று. பொண்ணு பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுகிற மாதிரி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இதைத்தானே தேடறீங்க?"

நான் எதையும் தேடவில்லை. பூமியில் ஒரு பொந்து மட்டும் கிடைத்தால் போதும் என்று இருந்தேன்.

"எப்ப கழட்டின?"

"முந்தாநேத்து. நீங்க ஷேவிங் பண்ணிட்டிருந்தப்போ. நாலே ஸ்குரூ. குமிழை அப்படியே விட்டுட்டேன். ஆசையா வெச்சிருக்கீங்க, இழுத்துக்கட்டும்னு."

"எப்படித் தெரிஞ்சுது?"

"வண்டிக்குப் பின்னாடி சிவப்பு லைட் ரெண்டு இருக்குங்க. நீங்க பிரேக்கைத் தொட்டா எரியும். முப்பது வருஷமா என் பொழப்பே அந்த லைட்டைப் பாக்கறதுதான். அஞ்சு சுத்து வளைவுக்கு வளைவு எரிஞ்சு அணையுது. ஆறாவது சுத்துல இருந்து, நேர்ப்பாதையில கூட, கல்யாண வீட்டு சீரியல் லைட்டு மாதிரி அணையாம எரியுது. வண்டி முன்னாடி யாராவது குறுக்க படுத்திருக்காங்களான்னு முதல் மாசம் எட்டிப் பாத்தேன். ரெண்டாம் மாசம் எட்டிப் பாக்கலை."

ஏசி மெக்கானிக் என்னையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணே! நான் ராத்தூக்கம் இல்லாம காத்து எங்க போச்சு, காத்து எங்க போச்சுன்னு..."

"மன்னிச்சிடுங்க தம்பி."

"மன்னிக்கறதா? தகடு என்ன கேஜ் கனம் அண்ணே? நல்லா வெட்டியிருக்கீங்களே!"

அவள் என் முன்னால் வந்து நின்றாள். கோபம் ஒன்றும் இல்லை முகத்தில். அதுதான் இன்னும் மோசம். தலைக்கவசத்தின் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொன்னாள்.

"ஒரு வார்த்தை, 'எனக்கு இதைக் கொடுக்க மனசில்லை'ன்னு சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேன்."

"நெஜமாவா?"

"இல்ல. ஆனா நீங்க சொல்லியிருக்கலாம்."

பிறகு அவள் போய் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். இருக்கையை முன்னால் இழுத்தாள். மூன்று கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். ஊரையே அப்படித்தான் செய்ய வைத்தவள், தனக்கும் அதையே செய்துகொண்டாள். நான் ஜன்னலோரம் போய், "கொண்டை ஊசியில கொஞ்சம் முன்னாடியே..." என்று ஆரம்பித்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மணலையும் பார்த்தாள். நான் நகர்ந்துவிட்டேன்.

போனாள்.

சத்தமே இல்லை. டயர் கத்தவில்லை, புழுதி கிளம்பவில்லை. வேகமாகப் போகிற மாதிரியே தெரியவில்லை. முன்னால் போனவர்கள்தான் ஒவ்வொருவராக அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். வளைவுக்கு முன்னால் சிவப்பு விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும்; அணையும்; வண்டி திரும்பியிருக்கும். நான் நாலு நிமிஷம் மிதித்துச் செய்கிற வேலையை அவள் நாலு சிமிட்டலில் செய்தாள். நாலாவது சுற்றில் எங்கள் பக்கம் வரும்போது ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள். நானும் ஆட்டினேன். பிறகுதான் தெரிந்தது, கொடிக்காரருக்கு ஆட்டியது.

கடைசிச் சுற்றை மெதுவாக, பிரேக்கைத் தொடாமல் ஆறவிட்டு வந்தாள். இறங்கினாள். முகமெல்லாம் வியர்வை. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது. நூற்று முப்பது காட்டியது.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு மனசு இறங்கிவிட்டது. போகட்டும், பாதிப் பாதி வைத்துக்கொள்ளலாம், ஒரு மாதம் அவள், ஒரு மாதம் நான் என்று முடிவு பண்ணிவிட்டேன். அதற்குள் என் குழாயைச் சுற்றிக் கூட்டம். "ஐயா, இது நீங்களே செஞ்சதா?" "எப்படி ஐயா இவ்வளவு ஆறுது?" "எங்க வண்டிக்கும் புகைதான் ஐயா." நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். காற்றை முகத்தில் அடிக்கக்கூடாது, நடுவில் விட வேண்டும், தட்டே விசிறி என்று வகுப்பே எடுத்துவிட்டேன். ஏசி மெக்கானிக் தொண்டையைச் செருமினார். பெரிய மனசு பண்ணி அவர் பெயரையும் ஒருமுறை சொன்னேன்.

அந்தத் தெம்பிலேயே கொடிக்காரரின் மேசைக்குப் போனேன். அடுத்த மாதப் பட்டியலில் பெயர் கொடுத்துவைத்துவிடலாம் என்று.

"தம்பி, அடுத்த மாசத்துக்கு என் பேரைப் போட்டுக்குங்க."

அவர் பட்டியலைப் பார்த்தார். "உங்க பேர் ஏற்கெனவே இருக்கே ஐயா."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என்ன இருந்தாலும் அவளுக்கு என் மேல் பாசம். என்னைக் கேட்காமலே எனக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"எத்தனை மணிக்கு என் ஓட்டம்?"

"ஓட்டமா?" அவர் தாளை என் பக்கம் திருப்பினார். ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து வண்டி எண்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'காற்றுக் குழாய்' என்று என் மனைவியின் உருண்டை எழுத்து.

"டீச்சரம்மா காலையில வந்ததுமே இவங்க அஞ்சு பேர்கிட்டயும் பேசி எழுதிக் கொடுத்துட்டாங்க. உங்களுக்கு ஓட்டறதுல அவ்வளவா இஷ்டம் கிடையாதாமே ஐயா, வண்டிக்கு அடியில படுத்தாத்தான் சந்தோஷமாமே?"